அரைகுறை நால்வரை வரைந்த அக்கா

யாரையாவது நல்லவர் என்று சொல்லிவிட்டால் அக்காவுக்குத் தாங்காது. கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

“சரி தம்பி, அவருகிட்ட கோளாறு இன்னா?”

வட ஆற்காட்டிலிருந்து எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்த புதிதில் வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை போட்டவன் நான். எதிரே வரிசையாகப் புதுப்புது ஆபீசுகள். அதில் ஒன்றில் நில வரைபடம் வரைகிற வேலை அக்காவுக்கு. யார் நிலம் எங்கே முடிகிறது என்று மெல்லிய பேனாவால் கோடு போடுவார். எல்லோருக்கும் அவர் ‘மேப் அக்கா’. முதல் நாள் ஏதோ நகல் எடுக்க வந்தவரிடம், பேச்சுவாக்கில் என் கடைக் கட்டிடத்து ஓனரைப் பற்றி, “தங்கமான மனுஷன்க்கா” என்று சொல்லி வைத்தேன். உடனே அந்தக் கேள்வி வந்தது.

“கோளாறுலாம் ஒண்ணும் இல்லக்கா.”

“நல்லா யோசிச்சுப் பாரு.”

யோசித்தேன். தினமும் காலையில் நான் வாங்கும் பேப்பரை எனக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போய், குறுக்கெழுத்தைப் பாதி தப்பும் தவறுமாகப் போட்டுத் திருப்பித் தருவார் ஓனர். அதைச் சொன்னேன். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

“இப்பத்தான் அவரு மனுஷனாத் தெரியறாரு. பென்சிலா, பேனாவா?”

“பேனாக்கா.”

“பேனாவாலயே போடறாரா! பிரமாதமான ஆளு தம்பி.”

அவர் பேச்சில் துளி விஷம் இருக்காது. கோளாறு தெரிந்த பிறகுதான் ஒருவர்மேல் அவருக்குப் பிரியமே வரும். அதுவரை அந்த ஆளை ஏதோ மூடிய கடையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

அக்காவும் அவர் அப்பாவும் என் கடைக்குப் பின்தெருவில் குடியிருந்தார்கள். அம்மா இல்லை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா ரிட்டயரான பஸ் கண்டக்டர். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்த காலம் அது. சில நாள் மகள் பெயரே வராது. ஆனால் கீழ்பென்னாத்தூர் ரூட்டில் எந்த ஸ்டாப்பிங்குக்கு அப்புறம் எது என்பது தடங்கல் இல்லாமல் வரும். என்னை எங்கே பார்த்தாலும், “சில்லறையா வெச்சுக்க” என்பார். படிக்க முடியாமல் போய், படம் பார்ப்பது மட்டும் மிச்சமிருந்தது. கடைகளில் கிடைத்த சித்திரக்கதைப் புத்தகங்களையெல்லாம் பார்த்துத் தீர்த்துவிட்டார். சாயங்காலமானால் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். அவரை நாற்காலியில் உட்கார வைப்பதற்காகத்தான் அக்கா படக்கதை வரையத் தொடங்கினார்.

முதலில் வரைந்தது ஒரு சுத்தமான வீரனை. வெள்ளை உடுப்பு, அகன்ற மார்பு. பறப்பான், வெள்ளத்தில் போகிறவர்களைத் தூக்குவான், நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் மறைந்துவிடுவான். அப்பா பத்துப் படம் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

“இவன் ஏறினதும் கரெக்டா சில்லறை குடுத்து டிக்கெட் வாங்கிட்டு, எறங்கிப் போற ஆளும்மா. இவனைப் பத்திப் பேச இன்னா இருக்குது? டிக்கெட் எடுக்காம ஒருத்தன் பின்னாடி படியில தொங்கிட்டு வருவான் பாரு, அவனைப் போடு.”

அக்கா அந்தத் தாள்களைக் கிழித்துப்போட்டார். அடுத்த வாரம் பிறந்ததுதான் ‘அரைகுறை நால்வர்’.

“நால்வர்னா கோயில்ல கல்லுல நிக்கிற சாமியாருங்க ஆச்சேக்கா?” என்றேன் நான்.

“அவங்க நல்லவங்க தம்பி. இவங்க நம்மவங்க” என்றார்.

நால்வரில் முதல் ஆள் புயல்வண்டி. காற்றைவிட வேகமாகப் பறப்பான். ஆபத்திலிருப்பவரை முதுகில் ஏற்றிக்கொண்டு பாதி வானத்தில் நிறுத்தி, “இதுக்கு மேல எக்ஸ்ட்ரா ஆவும்” என்பான். ஆயிரங்காது என்கிற பெண்ணுக்கு மலைக்கு அந்தப் பக்கம் முணுமுணுத்தாலும் கேட்கும். கேட்டதோடு பாதி சேர்த்து ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் காப்பாற்றக் கிளம்புவாள். நீட்டுக்கையின் கை எத்தனை மைலுக்கும் நீளும். திரும்பி வரும்போது வெறுங்கையாக வராது. பொய்ச்சாமி காவி கட்டியவன். அவன் சொல்லும் பொய் அரை மணி நேரத்துக்கு நிஜமாகிவிடும், அப்புறம் மறுபடி பொய்யாகிவிடும். அதற்குள் அவன் ஊரைத் தாண்டியிருப்பான்.

இவர்களுக்கு ஓர் எதிரி, அளவுகோலன். கையில் பெரிய ஸ்கேலோடு வரும் ராட்சதன். குற்றம் குறையே இல்லாதவன். கிரிவலப் பாதையை நேர்க்கோடாக இழுத்துவிட வேண்டும் என்பது அவன் லட்சியம். நால்வரும் ஆளுக்கொரு சொந்த லாபத்துக்காக அதைத் தடுப்பார்கள்.

அப்பா பார்த்து முடித்ததும் நான் அதை நகல் எடுத்து, கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். காத்திருப்பவர்கள் பொழுதுபோகாமல் எடுத்துப் பார்ப்பார்கள். சிலர் ஜெராக்ஸ் கூலியைக் கொடுத்துத் தங்களுக்கும் ஒரு பிரதி வாங்கிப் போனார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எதிர் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் ஒருநாள் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அக்காவும் கடையில் இருந்தார்.

“மேடம், இது நான்தானே?”

“யாரு சொன்னது?”

“ஸ்டாண்டே சொல்லுது. பாதி வழியில நிறுத்திக் காசு கேக்கறேனாம்.”

“கேக்கறதில்லையாண்ணே?”

ஆட்டோக்காரர் கொஞ்சம் யோசித்தார். “கேக்கறேன். அது தொழிலு. நான் அத்த சொல்லல. பறக்கறப்ப சட்டையில ஒரு பட்டன்கூட இல்லாம போட்டிருக்கீங்களே, என் சம்சாரம் பார்த்தா இன்னா நெனைக்கும்?”

அடுத்த கதையில் புயல்வண்டிக்குக் கழுத்துவரை பட்டன் வந்தது.

என் கடைக்குப் பக்கத்து இட்லிக்கடைக்காரம்மா அக்காவிடம் ஒரு மாதம் பேசவில்லை. ஊர்க்கதை பேசுவதாகப் போட்டதில் அவருக்கு வருத்தமில்லை. ஆயிரங்காதை ஒல்லியாக வரைந்துவிட்டார் என்பதுதான் குறை. “நாலு பேருக்குச் சோறு போடற ஒடம்பு இப்படியா இருக்கும்?” என்று என்னிடம் கேட்டார். கிரிவலப் பாதையில் வெளியூர்க்காரர்களுக்கு இல்லாத தலபுராணமெல்லாம் சொல்லும் காவிக்காரர் பொய்ச்சாமியைப் பார்த்து மனம் நெகிழ்ந்து, “அரை மணி நேரம் நெஜமாவுதா? அதுவே போதும்மா” என்று அக்காவை ஆசீர்வாதம் செய்தார்.

என்னை ஏன் சேர்க்கவில்லை என்று ஒருநாள் வெட்கத்தைவிட்டுக் கேட்டேன். “உன் கோளாறு இன்னும் தெளிவாப் பிடிபடல தம்பி. தெரிஞ்சதும் போடறேன்” என்றார். அது பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்ச நாள் அவர் கண்ணில் படும்படி கடைப் பையனைத் திட்டிக்கூடப் பார்த்தேன். எடுபடவில்லை.

சிக்கல் நீட்டுக்கையால் வந்தது. வேங்கிக்காலில் மனை விற்றுக்கொண்டிருந்த புரோக்கர்தான் அது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் லே-அவுட்டில் நட்ட எல்லைக் கற்கள் மழைக்காலத்தில் கொஞ்சம் நடக்கும் என்று ஊரில் பேச்சு. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரிய மனதோடு வந்தார்.

“இத்த நல்ல கலர்ல புக்கா அச்சடிச்சுக் கொடுத்துடறேம்மா. செலவு என்னுது. ஒண்ணே ஒண்ணு, நீட்டுக்கை எடுக்கற பொருளையெல்லாம் கடைசியில திருப்பிக் குடுக்கறாப்ல போட்டுடு.”

அச்சுப் புத்தகம் என்றதும் அக்காவுக்கும் ஆசை வந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து முயற்சி செய்தார். நீட்டுக்கை ஒரு கிழவியின் பானையைத் திருப்பிக் கொடுத்துக் கும்பிடுகிறான். அப்பா அந்தப் படத்தை உற்றுப் பார்த்து, “யாரும்மா இது? புதுசா வந்த செக்கிங் இன்ஸ்பெக்டரா?” என்றார். அதோடு அச்சுப் புத்தகம் போயிற்று. புரோக்கர் முகம் சுருங்கிப் போனதைத் தவிர அப்போது வேறொன்றும் நடக்கவில்லை.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று மத்தியானம், அக்கா செருப்புகூட இல்லாமல் கடைக்கு ஓடி வந்தார்.

“தம்பி, அப்பா இல்ல.”

எப்போதும் வெளியே போகும்போது கதவுக்கு வெளிக்கொண்டி போடுகிற அக்கா, அன்றைக்குப் பாலுக்குப் போன அவசரத்தில் மறந்துவிட்டார். ஊர் முழுக்கத் தலை. எந்தப் பக்கம் என்று தேடுவது? மலையைச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்த ஜனத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒரு கிழவரை எங்கே பிடிப்பது?

இட்லிக்கடைக்காரம்மா அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தார். பாதையோரக் கடைகளில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. முதல் கடையில் “கண்டக்டரைக் காணோம்” என்றார். அடுத்த கடையில் அவர் பெரிய ஆபீசர் ஆனார். செய்தி நாலு கடை தாண்டும்போது, கண்டுபிடிப்பவருக்கு ஏதோ பெரிய சன்மானம் என்று ஆகியிருந்தது. கடைக்காரர்கள் எல்லோரும் வியாபாரத்தை விட்டு எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். காவிக்காரர் அன்னதானப் பந்தல் ஒன்றில் புகுந்து, தான் விழாக் கமிட்டி என்று சொல்லி மைக்கை வாங்கிவிட்டார். “காக்கிச் சட்டை அணிந்த ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர்...” என்று அவர் குரல் கேட்டது. நீதிபதி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கமுள்ள அடி அண்ணாமலையிலிருந்து பதில் வந்தது. அங்கே ஒரு வேனுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டைப் பெரியவர் நிற்கிறாராம்.

அன்று அந்தப் பக்கம் ஆட்டோ விடமாட்டார்கள். ஆட்டோக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். தடுப்புக் கட்டிய இடத்தில் அக்காவைக் காட்டி, “பிரசவ கேஸ் சார்” என்றார். அக்காவின் வயிற்றைப் பார்த்த போலீஸ்காரர் குழம்பி நிற்பதற்குள் வண்டி தாண்டிவிட்டது. பிறகு சந்து, வயல் வரப்பு, யார் வீட்டுக் களம் என்று புகுந்து போனார். பாதி வழியில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டி தானாக நின்றது. ஆட்டோக்காரர் திரும்பினார். அக்கா அவரைப் பார்த்தார்.

“இல்ல மேடம், பழக்கதோஷம்” என்று சொல்லிவிட்டு மறுபடி கிளப்பினார்.

அடி அண்ணாமலையில் நாங்கள் கண்ட காட்சி இது. வெளியூர் பக்தர்கள் நிறுத்திவிட்டுப் போன வேனில், சம்பந்தமே இல்லாத ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பின்கதவில் நின்று, பழைய நோட்டீசைக் கிழித்துக் கிழித்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கீது.” வேன்காரர்கள் திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டு நிற்க, அவர்களுக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிய நம் புரோக்கர்.

செய்தி கேட்டு அவரும் கிளம்பியிருக்கிறார். எங்களுக்கு முன்பே வந்துவிட்டார். வேன்காரர்கள் அப்பாவை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தால் அவர் மறுபடி கூட்டத்தில் தொலைந்துவிடுவார். அப்பாவைக் கூப்பிட்டால் டூட்டியில் இருப்பவர் வரமாட்டேன் என்கிறார். அதனால் புரோக்கர் அந்த இடமே தன்னுடையது என்று சண்டையை ஆரம்பித்துவிட்டார். “யாரு எடத்துல யாரு வண்டிய நிறுத்தறது? டாக்குமெண்ட் காட்டட்டுமா? எல்லாக் கணக்கும் தீராம வண்டி நகராது.” அவருக்கு அங்கே ஒரு செண்டு நிலம் கிடையாது. ஆனால் நாங்கள் வரும்வரை வேன் நகரவில்லை.

அக்கா ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தார். அவர் மகளை ஏற இறங்கப் பார்த்து, “நீ எங்கம்மா போவணும்?” என்றார்.

“வீட்டுக்குப்பா.”

“ஏறு. கடைசி டிரிப்பு” என்று கை கொடுத்தார். அக்கா ஏறி, ஒரு துண்டு நோட்டீசை வாங்கிக்கொண்டு, அடுத்த நிமிஷம் அவரோடு இறங்கினார். அழவில்லை. புரோக்கரிடம் போய்க் கை கூப்பினார். புரோக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. “நம்ப அப்பா மாதிரிம்மா” என்றார். அப்படியே திரும்பி, வேன்காரர்களிடம் பார்க்கிங் காசையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ‘அரைகுறை நால்வர்’ இந்தக் கதைதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இட்லிக்கடைக்காரம்மா, ஆட்டோக்காரர், நான் எல்லோரும் அக்காவைக் கெஞ்சினோம். இந்த ஒரு தடவை மட்டும் நால்வரையும் நல்லவர்களாகவே போடச் சொன்னோம். குறைந்தபட்சம் அந்தப் பார்க்கிங் காசை விட்டுவிடுங்கள் என்றேன் நான்.

“அவரு காசு வாங்கலன்னு போட்டா, வண்டிய நிறுத்தினது அவருன்னு யாரு நம்புவாங்க தம்பி? அவரு செஞ்சது எவ்ளோ பெரிய உதவி! அத்த பொய்யாக்கச் சொல்றியா?”

காசோடு சேர்த்துத்தான் வரைந்தார். காசு வாங்கும் நீட்டுக்கையின் கண்ணில் கண்ணீரையும் வரைந்திருந்தார். அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புரோக்கரும் பார்த்தார். அவர் கண்ணுக்குக் காசு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அரசு வேலையில் இருந்துகொண்டு படக்கதை வியாபாரம் செய்கிறார் என்று அக்காவின் ஆபீசுக்கு மனு போட்டுவிட்டார்.

விசாரணை என்று வந்ததும் நான் பயந்துபோனேன். வேலை போனால் அக்காவும் அப்பாவும் என்ன ஆவார்கள்? என்னையும் கூப்பிட்டார்கள். ஜெராக்ஸ் கூலியைத் தவிர வேறொன்றும் வாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். விசாரித்தவர் கண்டிப்பான ஒரு பெண் அதிகாரி. தாள்களைப் புரட்டிக்கொண்டே அக்காவிடம் கேட்டார்.

“இதுல வர்றதெல்லாம் நெஜமா, கற்பனையா?”

“கோளாறெல்லாம் நெஜம் மேடம். பறக்கறதுதான் கற்பனை.”

அதிகாரி கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். இனிமேல் கடையில் தொங்கவிடக் கூடாது என்று வாய்மொழியாக எச்சரித்து அனுப்பிவிட்டார். ஆதாரத்துக்காக வாங்கி வைத்த பிரதிகள் திரும்பி வரவேயில்லை. ஆபீஸ் குடியிருப்பில் வீடு வீடாகச் சுற்றியதாகக் கேள்வி.

புரோக்கர்மேல் எனக்கு அத்தனை ஆத்திரம். அக்காவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. “தேடியும் குடுத்தாரு, மனுவும் குடுத்தாரு! நான் சரியாத்தான் தம்பி வரைஞ்சிருக்கேன்” என்று கடைக்கு வந்து சொன்னார்.

அதன்பிறகு ஒவ்வொரு கதையும் ஒரே பிரதிதான், அப்பாவுக்கு மட்டும். சில மாதம் கழித்துப் புரோக்கர் என் கடைக்கு வந்து, கிளிப் தொங்கிய இடத்தைப் பார்த்தபடி நின்றார்.

“அப்புறம் இன்னா ஆச்சு? கடைசிப் படத்துல அளவுகோலன்கிட்ட நீட்டுக்கை மாட்டிக்கிட்டானே?”

“நீங்கதானேங்க மனு போட்டு நிறுத்தினீங்க?”

“யோவ், மனு வேற, கதை வேற” என்றார், என் அறியாமைக்கு இரங்குவதுபோல.

அக்காவிடம் சொன்னேன். வீட்டுக்கு வரச் சொன்னார். அன்றிலிருந்து சாயங்காலங்களில் அந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே தாளைப் பார்ப்பார்கள். புரோக்கர் வந்தால் அப்பா வெளியே கிளம்புவதில்லை. நீட்டுக்கை எதையாவது சுருட்டும்போது அப்பா, “இவன் நம்ப ரூட்டு ஆளு” என்று அவர் தொடையில் தட்டுவார். புரோக்கர் பெருமையாகச் சிரிப்பார். இப்படியே வருஷங்கள் போயின.

அப்பா இறந்தபோது முதலில் வந்து நின்றவர் புரோக்கர். பந்தல், நாற்காலி, பறை, எல்லாம் அவர் ஏற்பாடு. பாடைக்குத் தோள் கொடுத்தார். காடுவரை அழுதுகொண்டே வந்தார். திரும்பி வந்து குளித்த ஈரத் தலையோடு அக்காவின் எதிரில் உட்கார்ந்து மறுபடி அழுதார். அக்கா காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் அவரை உலுக்கி உலுக்கி ஓய்ந்துபோயிருந்தார்கள்.

புரோக்கர் மூக்கைச் சிந்திவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இந்த வீட்டைக் காலி பண்றதா இருந்தா வெளிய யாருகிட்டயும் சொல்லாதம்மா. மொதல்ல என் காதுல போடு. நல்ல பார்ட்டி ஒண்ணு கையில இருக்குது.”

ஆட்டோக்காரர் எழுந்துவிட்டார். “யோவ், நீயெல்லாம் மனுஷனாய்யா?”

அக்கா சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு உடம்பு குலுங்க, சாவு வீடே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவரின் குரல் எங்கோ ஓரிடத்தில் உடைந்து அழுகையாயிற்று. இட்லிக்கடைக்காரம்மா வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

புரோக்கர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். “நான் இப்ப இன்னா தப்பாக் கேட்டுட்டேன்?”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் தப்பில்லண்ணே. உக்காருங்க. பக்கத்து வீட்டுலேருந்து காபி வந்திருக்குது, குடிக்கறீங்களா?”

“சக்கரை கம்மியா” என்றார் புரோக்கர், அழுதுகொண்டே.